சாய்ந்தால் தூக்க முடியுமா?

ஓய்வு பெற்றவர்கள் காசிக்குப் போனது ஒரு காலம். புனேயில் வசிக்கும் இந்த 62 வயது முன்னாள் வங்கி அதிகாரி லடாக்கின் லே நகருக்குப் போக நினைக்கிறார். அதுவும் மோட்டார் சைக்கிளில். மனைவிக்குக் கவலை, மகனுக்குக் கோபம். அவருக்கோ ஒரே கேள்விதான்: எந்த வண்டி?

வீட்டில் பழைய புல்லட் நிற்கிறது. 30 ஆண்டுகள் உதைத்துக் கிளப்பிய வண்டி. இப்போது உதைத்தால் முதலில் கிளம்புவது முழங்கால் வலி. போதாக்குறைக்கு கார்ப்பரேட்டர். மணாலி-லே பாதை 5,000 மீட்டருக்கும் மேலே ஏறுகிறது. அங்கே காற்று மெலிந்துவிட, கார்ப்பரேட்டர் வண்டி பெட்ரோலை அதிகம் குடித்துத் திணறும். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் உள்ள புதிய வண்டிகள் காற்றின் அழுத்தத்தை அறிந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும்.

ஷோரூமில் குதிரைசக்தி பற்றித்தான் பேச்சு. அவர் கேட்பதோ இருக்கையின் உயரம். 2023-ல் வந்த ஹிமாலயன் 450 மலைக்கென்றே செய்தது. எடை 196 கிலோ, இருக்கை உயரம் 825 மி.மீ. 2020-ல் வந்த மீட்டியார் 350 எடையில் 5 கிலோதான் குறைவு. ஆனால் இருக்கை 765 மி.மீ. இந்த 6 செ.மீ.தான் விஷயமே. ஓடும் வண்டி தானாக நிமிர்ந்து நிற்கும்; நின்ற வண்டியை மனிதன்தான் தாங்க வேண்டும். சரளைக்கல் சரிவில் நிறுத்தும்போது பாதம் தரையில் முழுதாகப் படியாவிட்டால் வண்டி சாயும், இடுப்பும் சேர்ந்து போகும். தாழ்ந்த வண்டியின் அடிப்பாகம் கல்லில் இடிக்கும் என்பது உண்மை. அங்கே மெதுவாகப் போய்க்கொள்ளலாம் என்று மீட்டியாரை வாங்கினார்.

அடுத்த சிக்கல் கால்களில். பழைய புல்லட்டுக்கு கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புதியதில் நேர் எதிர். குறுக்கே மாடு வந்தால் கால் யோசிக்காது, பழகிய பக்கத்தை மிதித்துவிடும். எனவே இரண்டு மாதம் காலிச் சாலையில் பயிற்சி.

பராமரிப்பிலும் வயதுக்கேற்ற கணக்கு உண்டு. ஓய்வு பெற்றவரின் வண்டி ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம். இந்த வண்டிக்கு கிக்கர் கிடையாது. பேட்டரி இறங்கினால் கதை முடிந்தது. வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். பட்டன் தேயாவிட்டாலும் டயரின் ரப்பர் இறுகிவிடும். அதன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பயணத்தின்போது சுமார் 500 கி.மீ.க்கு ஒருமுறை செயினுக்கு எண்ணெய்.

55 வயதைக் கடந்தவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது. மருத்துவச் சான்றிதழும் வேண்டும். அவர் தனக்குத்தானே இன்னொரு தேர்வு வைத்திருக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை, துணைக்கு நண்பரை வைத்துக்கொண்டு, புல்தரையில் வண்டியைச் சாய்க்கிறார். இருக்கையில் முதுகைக் கொடுத்து, குந்தி, கால்களால் உந்தித் தூக்குகிறார். தூக்க முடியாத ஆண்டு இதைவிட எடை குறைந்த வண்டிக்கு மாறிவிடுவதாக மகனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். ஓட்டுவதை நிறுத்துவதாக அல்ல.