வாத்தா, ஆமையா?

சென்ற மாதம் திருப்பூணித்துறையில், தமிழ் பேசும் குடும்பமொன்றில் கள ஆய்வுக்காக அமர்ந்திருந்தேன். ஏழு வயதுச் சிறுவன். பழைய சூப்பர் மாரியோ ஆட்டத்தின் அரை நிமிடக் காட்சியை அலைபேசியில் ஓட்டிக் காட்டி, நடந்ததைச் சொல்லச் சொன்னேன். “மாமா ஓடுறாரு, வாத்து பறந்து வருது” என்றான்.

“வாத்தா? நல்லாப் பாரு, அது ஆமை” என்றேன். குறிப்பேட்டில் ஒரு பெருக்கல் குறி. ‘தாறாவு’ என்றிருந்தால் மலையாளத் தாக்கம் என்று வகைப்படுத்தியிருப்பேன். ‘வாத்து’க்கு என்னிடம் வகை இல்லை. “அவனுக்குத் தமிழே சரியா வராதும்மா” என்று அவன் தாயார் சிரித்தார். அதன்பின் அவன் தலையை மட்டுமே அசைத்தான். ஒலிப்பதிவின் எஞ்சிய பகுதி முழுவதும் என் குரல்தான்.

இரவில் அதைக் கேட்டபோது என் அண்ணன் நினைவுக்கு வந்தான். எங்கள் வீட்டு டிவி கேமில் அதே உயிரியை நானும் வாத்து என்றுதான் அழைத்தேன். அவன் ஆமை என்பான்.

1985இல் வெளிவந்த அந்த ஆட்டத்தில் அவ்வுருவம் 16 புள்ளி அகலமும் 24 புள்ளி உயரமும் கொண்டது, மூன்றே நிறங்கள். நீண்ட கழுத்து, அலகு போன்ற வாய், சிலவற்றுக்குச் சிறகு. முதல் மிதியில் சிறகு உதிரும். இரண்டாம் மிதியில்தான் அது ஓட்டுக்குள் ஒடுங்கும். அதாவது, அதை வென்றவனுக்கே அது ஆமை. நான் ஒவ்வொரு முறையும் அதில் மோதிச் செத்தவள். எனக்கு அது கடைசிவரை பறவையாகவே இருந்தது.

ஜப்பானியரும் அதற்கு விலங்கின் பெயரைச் சூட்டவில்லை. நடப்பது ‘நோக்கோநோக்கோ’: எதையும் பொருட்படுத்தாமல் வந்து நிற்பதைக் குறிக்கும் சொல். சிறகுள்ளது ‘பத்தபத்த’: சிறகடிக்கும் ஓசை. நம் ‘படபட’வுக்கு அது உறவன்று, ஆனால் இரட்டைக்கிளவி அறிந்த எந்தச் செவிக்கும் அது அந்நியமாக ஒலிக்காது. படைத்தவர்களே வடிவத்தை விட்டுவிட்டு அசைவுக்குப் பெயரிட்டிருக்க, நான் மட்டும் ஒரு குழந்தையிடம் ‘சரியான’ பெயரைக் கேட்டிருக்கிறேன். நான் காட்டிய காட்சியில் அதை யாரும் மிதிக்கவே இல்லை. ஓட்டை அவன் எங்கே பார்த்திருப்பான்?

பிழை என்று நாம் குறிப்பவற்றுள் எத்தனை, பேசுபவர் நின்ற இடத்தைப் பற்றிய துல்லியமான தகவல்கள்! ‘வராது’ என்று ஒருமுறை கேட்ட குழந்தை, வரும் மொழியையும் விழுங்கிவிடும். கேரளத்தில் வீட்டுக்குள் மட்டுமே வாழும் தமிழுக்கு அது சிறிய இழப்பன்று.

மறுவாரம் மீண்டும் சென்றேன். இம்முறை அலைபேசியை அவன் கையில் கொடுத்து விளையாடச் சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை. நான்காவது முறை தாவி அதை மிதித்தான்.

“அக்கா, வாத்து ஆமையாயிருச்சு!”

பெருக்கல் குறியை நான் அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் எழுதினேன்: ‘பிழை ஆய்வாளருடையது.’