குணமாகிவிட்டது என்று யார் சொல்வது?

காய்ச்சலுக்கு தெர்மாமீட்டர் இருக்கிறது. சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. மனசு சரியாகிவிட்டதா என்று பார்க்க என்ன இருக்கிறது? அதுவும் வருடக்கணக்கில் பேசிப் பேசியே நடக்கும் உளப்பகுப்பாய்வு சிகிச்சையில்?

ரொம்ப காலம் இதற்கு பதில் சுலபமாக இருந்தது. டாக்டர் சொன்னால் குணம், அவ்வளவுதான். வைத்தியம் பார்த்தவரும் அவரே, அதை கேஸாக எழுதியவரும் அவரே, தீர்ப்பு சொன்னவரும் அவரே. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது உடனே உறுத்தும். கணக்கு எழுதியவரே ஆடிட்டும் செய்தால் அந்த பேலன்ஸ் ஷீட்டை எந்த பேங்க் நம்பும்?

'ஓநாய் மனிதன்' கதையைப் பாருங்கள். செர்கேய் பான்கெயெவ் ஒரு பணக்கார ரஷ்யக் குடும்பத்துப் பிள்ளை. மன அழுத்தம் தாங்காமல் 1910-ல் வியன்னாவில் சிக்மண்ட் பிராய்டிடம் வந்தார். சின்ன வயதில் மரத்தின் மேல் வெள்ளை ஓநாய்கள் உட்கார்ந்திருப்பதாகக் கண்ட கனவால்தான் அந்தப் பெயர். நான்கு வருடம் சிகிச்சை நடந்தது. 1914-ல் அவர் கிளம்பியபோது இது நிரந்தரக் குணம் என்றே பிராய்டு நம்பினார். அந்தக் கேஸ் 1918-ல் அச்சிலும் வந்தது.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. ரஷ்யப் புரட்சியில் சொத்தெல்லாம் போய், 1919-ல் பான்கெயெவ் மறுபடியும் பிராய்டிடம் வந்தார். 1926-ல் தன் மூக்கு கெட்டுப்போய்விட்டது என்ற நினைப்பு அவரைப் பிடித்துக்கொள்ள, ரூத் மாக் பிரன்ஸ்விக் என்ற டாக்டரிடம் போனார். 1914-ல் தான் நினைத்தது தப்பு என்று பிராய்டே 1937 கட்டுரை ஒன்றில் எழுதினார். வயதான காலத்தில் பான்கெயெவ் ஒரு பத்திரிகையாளரிடம் மனம் விட்டுப் பேசினார். தான் குணமாகிவிட்டதாகச் சொல்லப்படுவதை அவர் ஏற்கவே இல்லை.

அப்படியென்றால் தோல்வியா? அதே மனிதர்தான் வியன்னாவில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தார். 1938-ல் மனைவி தற்கொலை செய்துகொண்ட பிறகும் வாழ்ந்து காட்டினார். 1979-ல், 92 வயதில் இறந்தார். இதை வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா?

சரி, ஒரு ஆளை விட்டுவிட்டு நிறைய பேரை எண்ணினால் என்ன? ஹான்ஸ் ஐசெங்க் என்ற உளவியலாளர் 1952-ல் அதைச் செய்தார். பழைய அறிக்கைகளை எல்லாம் கூட்டிப் பார்த்து, உளப்பகுப்பாய்வில் தேறியவர்கள் 44 சதவீதம், சாதாரண டாக்டர் கவனிப்பில் இருந்தவர்களில் தேறியவர்கள் 72 சதவீதம் என்றார். பெரிய சண்டையே கிளம்பியது. விஷயம் என்னவென்றால், பாதியில் நின்றுபோனவர்களையும் தேறாதவர்கள் பட்டியலில் சேர்த்ததால் வந்ததுதான் அந்த 44. அவர்களைக் கழித்தால் அது சுமார் 66 ஆகிவிடும்! வராக்கடனை எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பதை வைத்து லாபம் மாறுகிற மாதிரிதான் இதுவும்.

இன்னொரு சிக்கல், கணக்கை எந்தத் தேதியில் முடிப்பது என்பது. லண்டன் டேவிஸ்டாக் மருத்துவமனை ஆய்வு 2015-ல் வெளிவந்தது. வேறு சிகிச்சைகளில் சரியாகாத மன அழுத்தம் உள்ள 129 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு வாரம் ஒரு முறை உளப்பகுப்பாய்வு வழியிலான சிகிச்சை, 18 மாதம். இங்கே தீர்ப்பு சிகிச்சை கொடுத்தவர் கையில் இல்லை. மன அழுத்தத்தை அளக்கும் கேள்விப் பட்டியலை வைத்து வேறு ஆட்கள் மதிப்பெண் போட்டார்கள்.

சிகிச்சை முடிந்த அன்று ஓரளவு தேறியவர்கள் 32.1 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 23.9. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. அன்றே கணக்கை மூடியிருந்தால், 'காசும் காலமும் வீண்' என்று எழுதியிருப்பார்கள். இரண்டு வருடம் கழித்து மறுபடியும் பார்த்தபோது அதுவே 30.0-க்கு 4.4. ஒரு பிரிவு பிடித்த இடத்தை விடவில்லை, இன்னொன்று சரிந்துவிட்டது. அதே நேரம் முழுசாகக் குணமானவர்கள் அப்போதும் 14.9 சதவீதம்தான். அதையும் மறைக்கக் கூடாது.

பிராய்டு 1914-ல் சீக்கிரமாகக் கணக்கை மூடி 'குணம்' என்று எழுதினார். லண்டன் ஆய்வில் அதே மாதிரி மூடியிருந்தால் 'பயனில்லை' என்று எழுதியிருப்பார்கள். இரண்டுமே தப்பாகத்தான் போயிருக்கும்.

இது வெறும் ஆராய்ச்சிக்காரர்கள் பிரச்சினை இல்லை, நண்பர்களே. கட்டுகிற பணமும் போகிற வருடங்களும் நோயாளியுடையவை. எதை வைத்துப் பார்ப்பீர்கள், யார் பார்ப்பார்கள், முடிந்த பிறகு எப்போது திரும்பப் பார்ப்பீர்கள்... இந்த மூன்றையும் முதல் நாளே டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது. கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.