நாலு குழாய், ஒரு கணக்கு

பழைய ஹோண்டா சிட்டி வைத்திருப்பவர் யாரையாவது பார்த்தால், "விடெக்கா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஆமாம் என்று பதில் வந்தால் உங்கள் அடுத்த அரைமணி நேரம் காலி. 2000-ல் வந்து 2003-ல் நின்றுபோன 1.5 லிட்டர் கார். 106 குதிரைத்திறன். பார்க்க பேங்க் மேனேஜர் மாதிரி இருக்கும், மிதித்தால் மேனேஜர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்வார். என்னுடையது 2002 மாடல், 2009-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. பார்த்தீர்களா, நானும் ஆரம்பித்துவிட்டேன்.

விஷயம் இதுதான். பின் சீட்டில் உட்காரும் பெண், ஒரு வாரமாக "தலை வலிக்குதுப்பா" என்றாள். கண்ணாடியை இறக்கினால் சரியாகிவிடுகிறது. மைலேஜும் குறைந்திருந்தது. மெக்கானிக் பானெட்டைத் திறந்து, காலையில் இன்ஜின் சில்லென்று இருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லி, காதை நீட்டினார். டிக் டிக் டிக். "மேனிஃபோல்டு விரிசல் சார்."

இன்ஜினின் நாலு சிலிண்டர்களிலிருந்தும் புகையை வாங்கி ஒரே குழாயில் விடுகிற வார்ப்பிரும்பு சமாசாரம் அது. இருபது வருஷம் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, கடைசியில் கீறிக்கொண்டது. இந்த காரில் அது இன்ஜினுக்கு முன்பக்கம், ரேடியேட்டரைப் பார்த்தாற்போல் இருக்கிறது. கசியும் புகை பானெட்டுக்குள் சுற்றி, ஏசி காற்றோடு உள்ளே வருகிறது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. தலைவலிதான் அது கொடுக்கும் முதல் நோட்டீஸ். இன்னொரு கூத்தும் உண்டு: புகை துடிப்புத் துடிப்பாகப் போவதால் நடுநடுவே விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டரிடம் கோள் சொல்லும். கம்ப்யூட்டரும் கர்ணன் பரம்பரை, ஊற்றித் தள்ளும்.

வார்ப்பிரும்பை வெல்டு வைக்கலாம். நிக்கல் ராடு, முன்கூட்டியே சூடேற்றுவது என்று பெரிய சடங்கு. முடிந்தபின் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் வரும். புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும். அதுவும் இதே வயசு வார்ப்புதானே? ஒரு கிழவருக்கு இன்னொரு கிழவரின் மூட்டை மாட்டுகிற வைத்தியம். மிச்சமிருப்பது ஹெடர். ஸ்டீல் குழாய்களை வளைத்து வெல்டு செய்து கையால் கட்டுவது.

இங்கேதான் ரசிகர்கள் இரண்டு கட்சி. நாலு குழாயும் ஒரே இடத்தில் சேர்வது ஃபோர்-ஒன். நாலு இரண்டாகி, இரண்டு ஒன்றாவது ஃபோர்-டூ-ஒன். இதில் என்ன பெரிய வித்தியாசம் என்கிறீர்களா? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டவர்கள் ஒரே மூச்சில் எழுந்து போனால், அவர்கள் விட்ட இடத்துக்கு அடுத்த கூட்டம் தானாக இழுபட்டு வரும். ஒரு சிலிண்டரின் புகை வேகமாக ஓடி, குழாய் சேருமிடத்தை எட்டியதும் அங்கிருந்து ஓர் உறிஞ்சல் அலை திரும்பி வருகிறது. வால்வு மூடுவதற்குள் அது வந்து சேர்ந்தால் மிச்சப் புகையையும் துடைத்து இழுத்துவிடும். எந்த வேகத்தில் அது சரியாக வந்து சேர வேண்டும் என்பதைக் குழாயின் நீளம் தீர்மானிக்கிறது. நெருப்பு வைக்கும் வரிசை 1-3-4-2. ஒன்றும் நாலும் ஒரு முழுச் சுற்று இடைவெளியில் வருவதால் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாது. ரெண்டும் மூணும் அப்படியே. அதனால்தான் ஃபோர்-டூ-ஒன்னில் அந்த ஜோடிகள். இதில் நடுத்தர வேகத்தில் இழுவை நன்றாக இருக்கும். ஃபோர்-ஒன் உச்ச வேகத்தில் பிரகாசிக்கும்.

சின்ன வயசில் அப்பா சோழவரம் ரேஸுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அந்தப் பழைய விமான ஓடுபாதையில் கேட்ட சத்தம் இன்னும் காதில் இருப்பதால் என் மனசு ஃபோர்-ஒன் பக்கம்தான். ஆனால் திருவான்மியூரிலிருந்து ஆபீஸ் போய் வருவதில் டேக்கோமீட்டர் முள் மூவாயிரத்தைத் தாண்டுவதே அபூர்வம். ஆறாயிரத்துக்கு மேல் பிரகாசித்து யாருக்கு லாபம்?

"பதினஞ்சு குதிரை கூடும் சார்" என்றார் ஒரு கடைக்காரர். மற்றதெல்லாம் கம்பெனி பாகமாக இருக்கும்போது ஹெடர் மட்டும் மாற்றினால் இரண்டோ மூன்றோ கூடினாலே அதிர்ஷ்டம். அகலமான குழாய் இன்னும் பவர் என்பதும் கதை. அகலம் கூடினால் புகையின் வேகம் குறையும். இந்த இன்ஜினுக்கு ஒண்ணரை அங்குலம் போதும்.

அடுத்தது உலோகம். சாதா ஸ்டீல் மலிவு, கடற்காற்றில் துரு நிச்சயம். அதன் மேல் துணி சுற்றினால் ஈரம் தங்கி இன்னும் சீக்கிரம். 304 ஸ்டெயின்லெஸ் துருவுக்கு அசராது. ஆனால் சூட்டில் சாதா ஸ்டீலைவிட அதிகம் நீளும்; நீள இடம் விட்டுக் கட்டாவிட்டால் வெல்டில் கீறும். 304 என்று சொல்லி 409-ஐத் தள்ளிவிடுவதும் உண்டு. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த திருப்பதி காந்தத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனேன். 409-ல் ஒட்டும், 304-ல் ஒட்டாது. நாலு பட்டறைகளில் ஏழுமலையான் இரண்டில் ஒட்டிக்கொண்டார்.

பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு கணக்கும் போட்டேன். பத்து லட்சத்துக்கு வாங்கிய காருக்கு வருஷம் 15 சதவிகிதம் தேய்மானம் போட்டால் 23 வருஷத்தில் மிஞ்சுவது சுமார் 24,000 ரூபாய். ஹெடருக்குச் சொன்ன விலை 22,000. இதை வீட்டில் சொல்லவில்லை. பெண்ணின் தலைவலியை எந்தப் பத்தியில் எழுதுவது என்று பேரேட்டில் இடம் இல்லை.

சட்டமும் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, விதிக்கு மாறாக வண்டியை மாற்றியமைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும். என் வண்டிக்கு 2027-ல் மறுபடி பதிவு புதுப்பிக்க வேண்டும். அதனால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சைலன்சரும் கம்பெனியுடையதே இருக்கட்டும், சத்தம் கூடக்கூடாது, புகைச் சோதனையில் தேற வேண்டும், சென்சார் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

பட்டறை அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "ஃபேமிலியோட ஒரு தடவை வாங்க சார்" என்றார். எதற்கு? இன்ஜினுக்கு அடியில் போகும் குழாய் ஸ்பீடு பிரேக்கரில் இடிக்கக் கூடாது. காலி காரில் அளந்தால் தப்பாகிவிடுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான், மனைவி, பெண், அம்மா நாலு பேரும் பட்டறை வாசலில் கார் கண்ணாடியெல்லாம் இறக்கி, எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருந்தோம். அவர் கீழே படுத்து அளந்துகொண்டிருந்தார். அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு ஆள் ஏறணுமாப்பா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. ரெண்டு விரக்கடை மேல தூக்கிடறேன்."