தோட்ட வாரியத்துக்கு வந்த பாட்டில்!

காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் சுமார் ஒரு மணி நேரம். உத்திரமேரூரில் இறங்கி வைகுண்டப் பெருமாள் கோயில் எங்கே என்றால் பொடியன்கூடக் கை காட்டுவான். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைத் தேர்தல் விதிகள் அந்தச் சுவரில்தான் இருக்கின்றன. வருகிறவர்கள் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, "அந்தக் காலத்துலயே எலெக்‌ஷன் பாருங்க!" என்று ஆச்சரியப்பட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள்.

பி.காம். படித்தவனுக்கு அங்கே வேறு விருந்து. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்க முடியாது. அவன் சொந்தக்காரர்களும் முடியாது! வயது 35-க்கு மேல் இருக்க வேண்டும். எனக்கு 34. தவிர, சொந்த மனையில் வீடு வேண்டுமாம். சென்னையில் வாடகை வீடு. டெபாசிட் காலி.

முப்பது குடும்புக்கும் ஆள் எடுத்து, தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். ஆம் சார், ஏரிக்கு ஆறு, தோட்டத்துக்குப் பன்னிரண்டு! ஏன் இரட்டிப்பு என்பது அத்தை வீட்டுக் கொல்லைப்புறத்தில் லேசாகப் புரிந்தது.

அத்தை வீடு அங்கிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே. கொல்லையில் அவரைப் பந்தல், கத்திரி, பப்பாளி, கறிவேப்பிலை. நான் போன அன்று அவரைக் கொடியின் நுனியெல்லாம் கறுப்பாகப் பேன். பாடப்புத்தகத்தில் அசுவினி என்பார்கள். மச்சான் கையில் ஒரு பாட்டிலோடு நின்றான். நெல்லுக்கு அடித்தது போக மிச்சம்.

"ஒரு மூடி ஊத்தி அடிச்சா சாயங்காலத்துக்குள்ள சுத்தம், மச்சான்."

"நாளைக்குப் பறிக்கணும்டா. கொழந்தைங்க வேற வந்திருக்கு" என்றார் அத்தை.

பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் முக்கோணம். இதற்கு ஒரு வரிசை உண்டு: சிவப்பு கடும் விஷம், அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியில் பச்சை. எந்தப் பயிருக்கு அடிக்கலாம், அடித்து எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பதும் உள்ளே மடித்து வைத்த தாளில் இருக்கும். இதில் நெல் இருந்தது. அவரை இல்லை. நெல்லை ஒரே நாளில் அறுத்து முடித்துவிடலாம். அவரையை இரண்டு நாளைக்கொரு தரம் பறித்துக் குழம்பில் போடுகிறோம். அந்தத் தாளில் இருக்கும் நாள் கணக்கு இங்கே எப்படி டாலி ஆகும்?

"அப்ப பூச்சியே திங்கட்டுமா?" மச்சானுக்குக் கோபம். நியாயமான கோபம்தான். பூச்சி தின்றதில் நெல்லில் நஷ்டம் பார்த்தவன்.

அத்தை பேசாமல் ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். பேன் கூட்டத்துக்கு நடுவே சின்ன முதலை மாதிரி ஒன்று ஊர்ந்தது. பொறிவண்டின் குஞ்சு. பார்த்தால் இதுதான் வில்லன் என்று தோன்றும். முதலில் நசுக்குவது இதைத்தான். ஆனால் பேனைத் தின்பதே இது! பேனுக்குப் பாதுகாப்பு எறும்பு. பேன் கசியவிடும் இனிப்புக்காகக் காவல் நிற்கிறது. மருந்து அடித்தால் பேனோடு பொறிவண்டும் போகும். மறுபடி பேன் வரும்போது தின்ன ஆள் இருக்காது.

"பப்பாளி வெள்ளையாப் போச்சே, ஞாபகம் இருக்கா?" என்றார் அத்தை.

இருக்காதா! 2008-ல் கோயமுத்தூரில் முதலில் கண்டுபிடித்த பப்பாளி மாவுப்பூச்சி, ஊர் ஊராகப் பரவியது. பூர்வீகம் மெக்ஸிகோ. பப்பாளி, செம்பருத்தி, மரவள்ளி, மல்பெரி எதையும் விடவில்லை. உடம்பு முழுக்க மெழுகு மாவு என்பதால் மருந்து சரியாக ஒட்டவே இல்லை. ஜனங்கள் திரும்பத் திரும்ப அடித்தார்கள். கடைசியில் 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குளவியை வரவழைத்தார்கள். குளவி என்றதும் பயப்பட வேண்டாம், புள்ளி வைத்த அளவுதான். அசெரோஃபேகஸ் பப்பாயே என்று பேர் மட்டும் பெரிசு. மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். பெருக்கித் தோட்டங்களில் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. மருந்து அடித்திருந்த தோட்டத்தில் விட்டிருந்தால் அந்தக் குளவியும் செத்திருக்கும்.

மச்சான் பாதி மசிந்தான். மோசமான நுனிகளை மட்டும் கிள்ளி சோப்புத் தண்ணியில் போட்டோம். மிச்சத்துக்குக் காலையில் பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பல் தூவல். எறும்பு ஏறும் பந்தல் கால்களில் கிரீஸ் துணி. ஒரு வாரத்தில் அடங்காவிட்டால் லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்பு. அதுவும் தேனீ போன பிறகு சாயங்காலம்தான். கத்திரியில் ஓட்டை விழுந்த காய்களை அத்தை முன்னமே பறித்துத் தனியாக எறிந்திருந்தார். அதற்கு மருந்து அடித்தும் பெரிசாகப் பிரயோஜனமில்லை. புழு காய்க்குள்ளே சௌக்கியமாக இருக்கிறது.

"இந்த மருந்தை என்ன பண்றது? வாய்க்கால்ல ஊத்திடட்டுமா?"

"டேய்! அது ஏரிக்குப் போவுதுடா!"

பன்னிரண்டு பேர் விவகாரம் ஆறு பேர் விவகாரத்தில் போய் நின்றது. மச்சான் பாட்டிலை இறுக மூடி, பம்ப்செட் ரூம் பரணில் ஏற்றிப் பூட்டினான். சாவியை அத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.