மாஷா அல்லாஹ்வுக்குப் பிறகு என்ன சொல்றது?

போட்டோ எடுக்கிற ஆக்கள் சேர்ந்த எந்த வட்ஸ்அப் குழுவுக்குள்ள போனாலும் ரெண்டு வகையான கொமெண்ட்தான் கிடக்கும். ஒன்று, "மாஷா அல்லாஹ்", "சுப்பர் நாநா", கூடவே நாலு இதயம். மற்றது, "சாஞ்சிருக்கு", "ஓவர் எடிட்". முதலாவதால படம் எடுத்தவருக்கு மனசு குளிரும், அடுத்த கிழமையும் அதே மாதிரிப் படம்தான் வரும். ரெண்டாவதால ஆளே குழுவை விட்டுப் போய்விடுவார்.

(மாஷா அல்லாஹ் சொல்வதை நான் குறை சொல்லவில்லை. அது துஆ. ஆனா அது படத்தைப் பற்றிய கருத்து இல்லை.)

எங்கட இறக்குவானைக் குழுவில் பன்னிரண்டு பேர். மாணிக்கக்கல் வியாபாரம் செய்கிற ஒரு நாநா, வங்கியில் வேலை செய்கிற தம்பி, தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர், கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கிற ரெண்டு பேர், என்னைப் போல ஆசிரியர்கள் சிலர். பாதிப் பேரிடம் கமராவே இல்லை, போன்தான். வெள்ளிக்கிழமை மாலையில் ஒருவர் ஒரு படம் போடுவார், மற்றவர்கள் அதைப் பற்றிப் பேச வேண்டும். பேசுவது என்றால் என்ன என்று முடிவு எடுக்கவே மூன்று மாதம் போனது.

தெனியாய வீதியில் புளுத்தோட்ட வளைவுகளில் பனி இறங்குவதை ஒரு தம்பி அழகாக எடுத்திருந்தார். "இதை ஆயிரம் பேர் எடுத்துட்டாங்க" என்று ஒருவர் எழுதினார். அது உண்மைதான். ஆனா அந்த உண்மையை வைத்துக்கொண்டு அந்தத் தம்பி என்ன செய்யலாம்? ஒன்றும் செய்ய இயலாது. அடுத்த முறை அவருடைய முறை வந்தபோது படமே போடவில்லை.

அப்பதான் எனக்குக் கல்வியியற் கல்லூரிக் காலம் ஞாபகம் வந்தது. கற்பித்தல் பயிற்சியில் பாடக்குறிப்புப் புத்தகத்தில் மேற்பார்வை செய்கிறவர்கள் எழுதுவார்கள். ஒருவர் எப்பவும் "நன்று. தொடர்க." என்றே எழுதுவார். எதைத் தொடர்வது என்று அவரிடம் கேட்க எங்களுக்குத் துணிவில்லை. இன்னொரு மேடம் கடைசி வரிசையில் வந்து இருப்பார். பாடம் முடிந்ததும் முதலில் கேள்விதான். "இன்றைக்குப் பிள்ளைகள் எதைக் கொண்டு போகணும்னு நினைச்சீங்க?" நாங்கள் சொல்லி முடித்த பிறகு ஒரே ஒரு விஷயம் சொல்வார். ஒருநாள் என்னிடம் சொன்னது: "ஜன்னல் வெளிச்சம் பலகையில பட்டு, மூன்றாவது வரிசைப் பிள்ளைகளுக்கு எழுத்து மின்னுது. நீங்க நிற்கிற இடத்திலிருந்து அது தெரியாது. அங்க போய் இருந்து பாருங்க."

குழுவில் இதைத்தான் சொன்னேன். எதைக் காட்ட நினைத்தீர்கள் என்று முதலில் கேட்போம். பிறகு நம்முடைய கண் எங்கே நின்றது, எங்கே தடுக்கியது என்று மட்டும் சொல்வோம். "நல்லாயில்லை" என்பது தீர்ப்பு. "பின்னால இருக்கிற மின்கம்பம் அவருடைய தலையிலிருந்து முளைச்ச மாதிரி இருக்கு" என்பது உதவி. ரெண்டடி இடப்பக்கம் நகர்ந்தால் கம்பம் போய்விடும், அதை அவர் நாளைக்கே செய்யலாம்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம்தான் வியாபாரி நாநாவின் றப்பர் படம் வந்தது.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு அம்மா மரத்தில் பால் வெட்டுகிற படம். பின்னேர வெயில் மஞ்சளாக முகத்தில் விழுகிறது, கையில் கத்தி, மரத்தில் கட்டின சிரட்டை. எதைக் காட்ட நினைத்தீர்கள் என்று கேட்டோம். "உழைப்பு" என்றார். எங்கள் கண் எல்லாம் அந்த ஒளியில்தான் நின்றது. நீளமாகவே எழுதினோம். நாநா அதைப் பேஸ்புக்கிலும் போட்டார், நிறையப் பேர் பகிர்ந்தார்கள்.

திங்கட்கிழமை எங்கட பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் வந்து, "டீச்சர், அந்தப் படத்துல இருக்கிறது எங்கம்மா. அதைப் பார்த்துட்டு அம்மா சிரிச்சாங்க" என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"வெட்டு தலைகீழாப் போகுதாம் டீச்சர். அப்படி ஒரு மரம் தோட்டத்துலயே இல்லையாம்."

நாநாவிடம் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. முகம் வலப்பக்கம் பார்த்தால் நன்றாயிருக்கும் என்று எடிட் பண்ணும்போது படத்தை இடம் வலமாகத் திருப்பியிருக்கிறார். றப்பர் மரத்தில் வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரியும். பட்டைக்குள் பால் ஓடுகிற குழாய்கள் லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அவற்றைக் குறுக்கே வெட்டினால்தான் கூடப் பால் வடியும். பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் இது கண்ணில் படவில்லை. அந்த அம்மா ஒரு பார்வையில் கண்டுபிடித்தார். இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார். பின்னேரம் நாலு மணிக்கு யாரும் பால் வெட்டுவதில்லை. விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். "அந்த ஐயா நிக்கச் சொன்னாரு, நின்னேன்."

இந்த இடத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் ஞாபகத்துக்கு வருகிறார். 1863இல், 48 வயதில், மகள் கொடுத்த கமராவோடு தொடங்கிய ஆங்கிலேயப் பெண். படங்கள் தெளிவில்லை என்று லண்டன் புகைப்படக்காரர்கள் அவரைக் கடுமையாகச் சாடினார்கள். எது தெளிவு என்று முடிவு செய்ய யாருக்கு உரிமை என்று விஞ்ஞானி ஹெர்ஷலுக்கு எழுதிக் கேட்டவர் அவர். ஓவியர் வாட்ஸ் அவருடைய நண்பர், படங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்கிறவர். அட்டையில் ஒட்டின விலையுயர்ந்த பிரதிகள் வேண்டாம், பழுதான பிரதிகளையே அனுப்புங்கள், அதை வைத்தே என்னால் சொல்ல முடியும் என்று அவர் எழுதினார். எங்கள் குழுவுக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னேன், எல்லாருக்கும் பிடித்தது.

அந்த கமரன் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879இல் இங்கேயே இறந்து போகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். களுத்துறையில் அவர் வீட்டுக்கு வந்த ஓவியர் மரியான் நோர்த்தை அவர் படம் எடுத்தார். சால்வை போர்த்தி, தென்னோலைக்கு நடுவே நிற்கவைத்து எடுத்த கதையை நோர்த் தன் புத்தகத்தில் கேலியாகவே எழுதியிருக்கிறார். அதே களுத்துறையில் கமரன் எடுத்த நம் நாட்டு ஏழை மக்களின் படங்களும் இருக்கின்றன. அவர்கள் அந்தப் படங்களைப் பார்த்தார்களா, பார்த்துச் சிரித்தார்களா? யாரும் எழுதி வைக்கவில்லை. படத்துக்குக் கீழே பெயர்கூட இல்லாமல் "களுத்துறைக் கிராமத்தவர்" என்று இருக்கிறது.

நாநா கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். ரெண்டு நாள் குழுவில் சத்தமில்லை. மூன்றாம் நாள், "அந்த அம்மாட்டக் கேட்டுச் சொல்லுங்க டீச்சர், எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று எழுதினார். மழை பெய்தால் மரம் நனைந்திருக்கும், வெட்ட மாட்டார்கள், அதனால் ரெண்டு தடவை போய்த் திரும்பினார். மூன்றாவது தடவை சுபஹ் தொழுதுவிட்டு நேரே போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

படம் இருட்டு. புள்ளி புள்ளியாக இருக்கிறது. முகம் பாதிதான் தெரிகிறது. ஆனா வெட்டின கோட்டில் வெள்ளையாகப் பால் இறங்கி சிரட்டைக்குள் விழுவது தெரிகிறது. இதயம் போட்டவர்கள் குறைவு. முகத்துக்கு இன்னும் கொஞ்சம் ஒளி வேண்டும் என்று வங்கித் தம்பி சொன்னார், வேண்டாம் என்று இன்னொருவர் சொன்னார், இரவு பத்து மணி வரை வாதம் நடந்தது.

மகளிடம் கொடுத்து அம்மாவுக்கும் காட்டினோம். வெட்டு சரியாம். கீழே "றப்பர் தொழிலாளி" என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, என் பேரைப் போட மாட்டாங்களா என்று கேட்டாராம். நாநா அன்றிரவே மாற்றிவிட்டார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இந்தப் பதிவுக்கு அவரிடம் இன்னும் கேட்கவில்லை.