என்ஜினுக்கும் வீதிக்கும் நடுவே

வாகனம் வாங்கப் போகிறவர்கள் முதலில் என்ஜினைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். எத்தனை சிசி, எத்தனை குதிரைவலு, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பின்அச்சுக்குள் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் பற்சக்கரங்களுக்கு எத்தனை பற்கள் என்று கேட்ட ஒருவரை நான் கண்டதில்லை. ஆனால் என்ஜினின் வலு வீதிக்கு வந்து சேரும்போது அது வேகமாக வருமா, இழுவையாக வருமா என்பதைத் தீர்மானிப்பதில் அந்தப் பற்களுக்கும் டயரின் உயரத்துக்கும் பெரும் பங்குண்டு.

எங்கள் நாட்டில் இது வெறும் பொழுதுபோக்கு விடயமல்ல. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பழைய கார்களைச் சாகவிடாமல் ஓட்டும் வித்தையை இங்குள்ள கராஜ்களுக்குக் கற்றுக்கொடுத்தன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய கார் ஒன்று வைத்திருந்தவர் அதிர்ஷ்டசாலி. கையிலிருப்பதைக் கழற்றிப் பூட்டித் தமக்கு ஏற்றவாறு மாற்றிக்கொள்ளும் ஆசையும் அப்போது பலருக்கு வந்தது.

அந்த ஆசை வந்தவர்களில் என் சகோதரியின் மகனும் ஒருவர். கல்முனையில் சிறிய துணிக்கடை வைத்திருப்பவர். மாதத்துக்கு இரண்டு தடவை மருதமுனைச் சாரன்களைக் கட்டுக்கட்டாக ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போய் வருவார். அவரிடமிருப்பது 948 சிசி என்ஜின் கொண்ட மொறிஸ் மைனர். கரையோர வீதியில் 60 கிலோமீற்றர் வேகத்தில் போனாலே என்ஜின் கதறுகிறது என்பது அவருடைய குறை. பின்அச்சின் கியரை மாற்றி, அதோடு பெரிய டயரையும் போட்டுவிட்டால் சத்தம் குறையும், பெற்றோலும் மிஞ்சும் என்று எவரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னது பொய்யில்லை. பாதிதான் சொல்லியிருக்கிறார்கள்.

மொறிஸ் மைனரின் வரலாறே இதற்கு நல்ல பாடம். 1948இல் 918 சிசி என்ஜினோடு வந்த காருக்குப் பின்அச்சின் விகிதம் 4.55. சில்லு ஒரு சுற்றுச் சுற்ற, கியர்பெட்டியிலிருந்து வரும் தண்டு நாலரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்ற வேண்டும் என்பது இதன் பொருள். பின்னர் 803 சிசி என்ஜின் வந்தபோது விகிதத்தை 5.375 ஆக்கினார்கள். 1956இல் 948 சிசி வந்ததும் மீண்டும் 4.55. 1962இல் 1098 சிசி வந்தபோது 4.22. சிறிய என்ஜினுக்கு இழுவை போதாது என்று விகிதத்தைக் கூட்டியதும், என்ஜின் வலுக்க வலுக்கக் குறைத்ததும் தற்செயல் அல்ல.

கணக்கு எளிதானது. மைனருக்கு இப்போது பலரும் போடும் 155/80 ஆர் 14 டயரின் விட்டம் ஏறத்தாழ 604 மில்லிமீற்றர். ஒரு கிலோமீற்றர் ஓட அது சுமார் 527 தடவை சுற்ற வேண்டும். நான்காம் கியரில் மணிக்கு 60 கிலோமீற்றர் போகும்போது நிமிடத்துக்கு ஒரு கிலோமீற்றர். அப்போது 4.55 அச்சில் என்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,400 சுற்றுச் சுற்றும். அதுவே 5.375 என்றால் 2,800க்கு மேல், 4.22 என்றால் சுமார் 2,230. அந்த 4.22 அச்சோடு 175/80 ஆர் 14 டயரையும் போட்டால் 2,115 வரை இறங்கிவிடும். பெரிய டயர் போடுவதும் அச்சு விகிதத்தைக் குறைப்பதும் இந்தக் கணக்கில் ஒன்றுதான்.

குறைந்த சுற்றில் அதே வேகம் என்றால் இலாபம்தானே என்று தோன்றும். ஆனால் கியர் எதையும் உற்பத்தி செய்வதில்லை. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிறது. 4.55ஐ 4.22 ஆக்கினால் சில்லில் கிடைக்கும் இழுவை ஏழு வீதம் குறைகிறது. அந்தப் பெரிய டயர் இன்னும் ஐந்து வீதத்தைப் பறிக்கிறது. மொத்தத்தில் பன்னிரண்டு வீதம். இதை எங்கள் வயற்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சேற்றில் இறங்கிய உழவு மெசினை எவரும் வீதியில் ஓட்டும் கியரில் போட்டு உழ மாட்டார்கள்.

மருமகன் போன கராஜில் இருந்தவர் வயது முதிர்ந்த மெக்கானிக். காரைச் சுற்றி வந்து பார்த்தவர், என்ஜின் மூடியைத் திறக்கவேயில்லை.

"தம்பி, இந்தக் கார் எங்க போய் வருது?" என்று கேட்டார்.

"கண்டிக்குத்தான் காக்கா. மாசத்துக்கு ரெண்டு தரம்."

"சாமானோடயா?"

"ஓம், பின்னால நிறைய."

"அப்ப அச்சுல கை வைக்காதீங்க."

அவர் சொன்னதன் காரணம் வீதியில் இருக்கிறது. சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று எங்கள் கரையோரம் பாய் விரித்ததுபோல் சமதரை. இங்கு மட்டும் ஓடும் காருக்கு 4.22 சுகமாகவே இருக்கும். கண்டிக்குப் போவதென்றால் அம்பாறை, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை வரை ஒரு கதை. அதற்கு அப்பால் பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற ஏற்றம் இன்னொரு கதை. சுமையோடு இரண்டாம் கியரில் ஏறும் கார், பன்னிரண்டு வீத இழுவையை இழந்தால் வளைவில் மூச்சு வாங்கும். முதலாம் கியருக்கு இறங்க வேண்டும். மைனரின் முதலாம் கியருக்கோ சிங்க்ரோமெஷ் கிடையாது. நகர்ந்துகொண்டே அதை மாற்றுவது கைதேர்ந்தவர்களுக்கே கடினம். பெரும்பாலோர் காரை நிறுத்தித்தான் மாற்றுவார்கள். பின்னால் பஸ் ஒன்று ஏறிவர, வளைவின் நடுவே நின்று, கிளச்சை எரித்துப் புறப்படும் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அவர் இன்னொன்றும் சொன்னார். அதுதான் என் மனதில் தங்கியது. மைனரின் வேகமானி கியர்பெட்டியிலிருந்து ஓடுகிறது. அச்சு மாறியதோ டயர் மாறியதோ அதற்குத் தெரியாது. இரண்டையும் மாற்றிய காரில் முள் 30 மைலில் நிற்கும்போது, சாரதி தான் 48 கிலோமீற்றரில் போவதாக நினைப்பார். உண்மையில் போவது 55. ஊருக்குள் எல்லை 50. பாடசாலை விடும் நேரத்தில், பள்ளிவாசலிலிருந்து சனம் வெளிவரும் நேரத்தில், அந்த ஏழு கிலோமீற்றர் சிறிய தொகையல்ல. பிரேக் பிடித்து நிறுத்தும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆகவே தூரம் ஏறத்தாழ 29 வீதம் அதிகம். நான்கு சில்லிலும் டிரம் பிரேக் உள்ள கார் அது. அச்சு விகிதத்தை மாற்றுவதால் பிரேக்கின் பிடி குறைவதில்லை. உயரமான டயர் அதையும் சிறிது குறைத்துவிடும். திருப்பும்போது மட்காட்டின் உட்புறத்தில் உரசவும் கூடும்.

மருமகன் 4.55 அச்சை அப்படியே விட்டுவிட்டார். பெரிய டயருக்கு வைத்திருந்த பணத்தில் பிரேக் லைனிங்கை மாற்றினார். சமதரையில் என்ஜின் இன்றும் சத்தம் போடுகிறது. மலையில் இரண்டாம் கியரிலேயே ஏறிவிடுகிறது என்கிறார்.

ஏற்கெனவே மாற்றியவர்களுக்கு ஒரு வார்த்தை. வேகமானியையும் புதிய விகிதத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுங்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். பிரதான வீதியின் ஓரத்தில் கிலோமீற்றர் கற்கள் நிற்கின்றன. பதினாறு கிலோமீற்றர் ஓடியதும் மைல் மானியில் பத்து கூடியிருக்க வேண்டும். ஒன்பதைக்கூட எட்டவில்லையென்றால், உங்கள் வாகனம் நீங்கள் நினைப்பதைவிட வேகமாக எங்கள் ஊர்களுக்குள்ளால் போய்க்கொண்டிருக்கிறது.