கயிற்றின் மறுமுனை

மும்பை மாநகரின் மாஹிம் பகுதியில்தான் மித்தி ஆறு கடலோடு கலக்கிறது. பெருமழையும் கடலின் ஏற்றமும் ஒரே வேளையில் வந்துவிட்டால், வடியவேண்டிய நீர் வழியின்றித் தெருக்களில் தேங்கி நிற்கும். 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அன்று மாநகரின் சாலைகளில் நின்றுபோன வண்டிகள் எண்ணற்றவை. அத்தகைய பெருவெள்ளம் ஆண்டுதோறும் வருவதில்லை. எனினும், முழங்காலளவு நீரில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிச் செல்வோரை மாஹிமிலும் அதனை அடுத்த தாராவியிலும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் காணலாம்.

நீரில் இறங்கிய வண்டி ஏன் நிற்கிறது? என்ஜின் இயங்குவதற்குப் பெட்ரோல், காற்று, தீப்பொறி ஆகிய மூன்றும் வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் மூடிக்குள்ளோ மின்கம்பிகளின் இணைப்பிலோ நீர் புகுந்தால் தீப்பொறி எழாது. காற்று செல்லும் வழியில் நீர் புகுந்தால் கேடு இன்னும் பெரிது. காற்றை அழுத்திச் சுருக்கலாம். நீரைச் சுருக்க இயலாது. உள்ளே நீர் இருக்கும்போது என்ஜினைச் சுழலச் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடக்கூடும். அதனால்தான் அனுபவமுள்ள மெக்கானிக், வெள்ளத்தில் நின்ற வண்டியை உடனே உதைத்துக் கிளப்ப விடமாட்டார். முதலில் பிளக்கைக் கழற்றுவார். உள்ளிருக்கும் நீரை வெளியேற்றுவார். காற்று வடிகட்டியைப் பார்ப்பார். ஒவ்வொன்றையும் உலர்த்திய பின்னரே வண்டியைக் கிளப்புவார். அவசரம் பழுதைப் பெருக்கும் என்பது பட்டறைகளின் பழைய பாடம்.

வண்டி நின்ற இடத்தில் முகமறியாதவரும் பின்னால் வந்து கைகொடுத்துத் தள்ளுவர். அந்த உதவிக்குச் செலவு அதிகமில்லை. சிறிது நேரமும் நனைந்த ஆடையும் மட்டுமே அதன் விலை. ஆனால் உதவுபவரும் ஒரு போட்டியில் இருந்தால்? அவர் நின்று செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய கணக்கில் இழப்பாக எழுதப்பட்டால்? அப்போதும் அவர் நிற்பாரா? இந்த வினாவை நாள்தோறும் எழுப்பும் விளையாட்டு ஒன்று உண்டு. அது மோட்டார் சைக்கிள் நெடும்பந்தயம்.

குறுகிய பந்தயத்தில் வேகமே தலைமை பெறும். நெடும்பந்தயத்தில் வேகம் மட்டும் போதாது. மனிதனும் இயந்திரமும் இறுதிவரை தாக்குப்பிடிக்க வேண்டும். பிரான்சு நாட்டில் 1922இல் தொடங்கிய 'போல் தோர்' என்னும் பந்தயம் 24 மணி நேரம் நடைபெறுவது. பாரிசு நகரிலிருந்து 1978 டிசம்பரில் முதன்முதலாகப் புறப்பட்ட டக்கார் பந்தயம் நாள் கணக்கில் நீள்வது. செனகல் நாட்டின் தலைநகரான டக்காரை நோக்கிச் சென்றதால் அதற்கு அப்பெயர் அமைந்தது. 2009 முதல் தென்னமெரிக்காவில் நடைபெற்ற அது, 2020 முதல் சவூதி அரேபியாவில் நடைபெற்று வருகிறது. இடம் மாறினாலும் பெயர் மாறவில்லை. பெரிய நிறுவனங்களின் ஊதியம் பெறும் வீரர்கள் அதில் சிலரே. வேறு தொழில் செய்து, சேமித்த பணத்தில் வந்து கலந்துகொள்ளும் ஆர்வலர்கள் பலர். அத்தகைய ஆர்வலர்களுக்கு மும்பை வட்டாரமும் புதிதன்று. அன்றாடம் கடைக்கும் வேலைக்கும் செல்லும் ஸ்கூட்டரையே சேற்றிலும் மேட்டிலும் செலுத்தும் மழைக்கால ஸ்கூட்டர் ரேலி இவ்வட்டாரத்தில் பல ஆண்டுகள் நடைபெற்றுள்ளது.

நெடும்பந்தயத்தில் பழுது என்பது 'வருமா?' என்று கேட்கத்தக்கதன்று, 'எப்போது வரும்?' என்று கேட்கத்தக்கது. மணல் துகள்கள் காற்று வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். சங்கிலி தளரும், அதன் பற்சக்கரம் தேயும். மணல்மேட்டில் சக்கரம் புதையும்போது கிளட்ச் தகடுகள் சூடேறிக் கருகும். ஒரு சிறு கல் பட்டு ரேடியேட்டர் துளைபட்டால் என்ஜினைக் குளிர்விக்கும் நீர் சிந்திவிடும். விலையுயர்ந்த வண்டியாயினும் மிக எளிய உறுப்பு ஒன்றினால் அது நின்றுபோகலாம். எனவே வீரர்கள் கருவிகளையும் சில உதிரி உறுப்புகளையும் உடன் எடுத்துச் செல்வர். அவற்றோடு ஒரு கயிறும் இருக்கும்.

அந்தக் கயிற்றின் பயன் 2015ஆம் ஆண்டு ஜனவரியில் உலகுக்குத் தெரிந்தது. அவ்வாண்டு டக்கார் பந்தயம் அர்ஜென்டினா, சிலி, பொலிவியா ஆகிய மூன்று நாடுகளின் வழியே சென்றது. பொலிவியாவில் உயுனி என்னும் மாபெரும் உப்புவெளி உள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 3,650 மீட்டர். வறண்ட காலத்தில் அது வெண்ணிறக் கட்டாந்தரை. மழை பெய்தால் அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் பரவி, வானத்தையே தரையில் காட்டும் கண்ணாடி ஆகிவிடும். காண்பதற்கு அழகு, கடப்பதற்குக் கொடுமை. உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். அது மின்கம்பிகளின் இணைப்புகளில் புகுந்தால் மின்னோட்டம் வழிதவறும். உப்பு உலர்ந்து ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் அப்பிக்கொண்டால் காற்றோட்டம் தடைபட்டு என்ஜின் கொதிக்கும்.

ஸ்பெயின் நாட்டு வீரர் ஜோவான் பரேடா அப்போது பந்தயத்தில் முன்னணியில் இருந்தார். முந்தைய நாள் கீழே விழுந்ததில் அவருடைய வண்டியின் கைப்பிடி ஒடிந்தது. ஒடிந்த கைப்பிடியுடனேயே அவர் அந்த நாளைக் கடந்தார். மறுநாள் உப்புவெளியில் வண்டியே நின்றுவிட்டது. சுற்றிலும் நீரும் உப்பும். பட்டறை இல்லை, நிழல் இல்லை. முதலிடம் நிமிடத்திற்கு நிமிடம் கைநழுவிக்கொண்டிருந்தது. அப்போது அவருக்குத் துணையாக நின்றவர் அதே ஹோண்டா அணியைச் சேர்ந்த ஜெரெமியாஸ் இஸ்ரேல். அவர் சிலி நாட்டவர். அன்றைய ஓட்டம் முடியும் இடம் அவருடைய தாய்நாட்டில்தான் இருந்தது. தம் வண்டியோடு பரேடாவின் வண்டியைக் கயிற்றால் பிணைத்து அவர் இழுத்துச் சென்றார்.

ஒரு மோட்டார் சைக்கிளை மற்றொரு மோட்டார் சைக்கிளால் இழுப்பது எளிய செயலன்று. முன்னால் செல்பவர் திடீரென வேகம் கூட்டினால் கயிறு அறும், அல்லது பின்னால் வருபவர் விழுவார். வேகம் குறைத்தால் கயிறு தொய்ந்து சக்கரத்தில் சிக்கும். இரு வண்டிகளின் பாரத்தையும் ஒரே கிளட்ச் தாங்க வேண்டும். பின்னால் இருப்பவரோ முன்வண்டி வாரி இறைக்கும் நீரையும் புழுதியையும் முகத்தில் ஏற்றுக்கொண்டு, தம் விருப்பப்படி செல்லாத வண்டியைச் சாயாமல் காக்க வேண்டும். ஒருவர் மீது ஒருவர் முழு நம்பிக்கை வைக்காவிட்டால் சிறிது தொலைவும் செல்ல இயலாது. உதவப்போனவரின் வண்டியும் பழுதாகிவிடும் அபாயம் வழியெல்லாம் உண்டு.

இருவரும் அன்றைய ஓட்டத்தை முடித்தனர். ஆனால் பரேடா மணிக்கணக்கில் பின்தங்கி வெற்றி வாய்ப்பை இழந்தார். அவரை இழுத்துவந்த இஸ்ரேலும் அந்த நேரத்தை இழந்தார். ஸ்பெயினைச் சேர்ந்த மார்க் கோமா வெற்றி பெற்றார். போர்ச்சுகல் நாட்டவரும் பரேடாவின் அணித்தோழருமான பவுலோ கொன்சால்வஸ் இரண்டாம் இடம் பெற்றார். ஆஸ்திரேலியாவின் டோபி பிரைஸ் மூன்றாம் இடம் பெற்றார். கயிறு பரேடாவுக்கு வெற்றியைத் தரவில்லை. பந்தயத்தில் நீடிக்கும் வாய்ப்பை மட்டுமே தந்தது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருதவேண்டும். காயமுற்றுக் கிடக்கும் வீரருக்காக ஒருவர் நின்றால், அவர் செலவிட்ட நேரத்தைப் பந்தய அமைப்பாளர்கள் அவருக்குத் திருப்பித் தருவர். உயிரைக் காப்பது அனைவர்க்கும் கடமை. அதனால் எவரும் நட்டமடையலாகாது என்பது அதன் கருத்து. பழுதான வண்டிக்காக நின்றால் அவ்வாறு இல்லை. அந்த இழப்பு உதவியவரையே சேரும். அதனை அறிந்தே இஸ்ரேல் கயிற்றைக் கட்டினார்.

மேற்சொன்ன கொன்சால்வஸ் பின்னாளில் இந்திய நிறுவனமான ஹீரோவின் அணியில் சேர்ந்தார். 2020இல் சவூதி அரேபியாவில் நடைபெற்ற பந்தயத்தின் மூன்றாம் கட்டத்தில் அவருடைய வண்டியின் என்ஜின் செயலிழந்தது. வெற்றிக்கான வாய்ப்பு அத்துடன் முடிந்தது. எனினும் அவர் விலகவில்லை. பாலைவனத்தில் காத்திருந்து, என்ஜினை மாற்றிப் பொருத்தி, பந்தயத்தைத் தொடர்ந்தார். ஜனவரி 12ஆம் நாள், ஏழாம் கட்டத்தில், அவர் விழுந்து உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 40. அவரைக் கண்டவுடன் நின்று உதவிக்கு அழைத்தவர்களுள் ஒருவர், முந்தைய ஆண்டின் வெற்றியாளரான டோபி பிரைஸ். 2015இல் அடுத்தடுத்த இடங்களைப் பெற்ற இருவரும் இவ்வாறு மீண்டும் சந்தித்தனர். மறுநாள் இருசக்கர வண்டிகளுக்கான ஓட்டம் நடைபெறவில்லை. ஹீரோ அணி முழுவதும் பந்தயத்திலிருந்து விலகிக்கொண்டது. அவ்வணியில் இந்திய வீரர் சி. எஸ். சந்தோஷும், கொன்சால்வசின் மைத்துனரான ஜோவாக்கிம் ரோட்ரிகசும் இருந்தனர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2022இல், ஒரு நாள் ஓட்டத்தில் முதலிடம் பெற்று ஹீரோ அணிக்கு டக்காரில் முதல் கட்ட வெற்றியை ஈட்டித் தந்தவர் அந்த மைத்துனரே.

ஆர்வலர்களின் நிலை இன்னும் கடினமானது. டக்கார் பந்தயத்தில் உதவிக்குழுவே இல்லாத பிரிவு ஒன்று உண்டு. அதில் கலந்துகொள்பவரின் உதிரி உறுப்புகளும் கருவிகளும் ஒரு பெட்டியில் அடங்கவேண்டும். அப்பெட்டியை அமைப்பாளர்கள் முகாமுக்கு முகாம் கொண்டுசேர்ப்பர். மற்ற வீரர்கள் உணவருந்தி உறங்கும் வேளையில் இவர்கள் தலைவிளக்கு அணிந்து எண்ணெய் மாற்றுவர், டயரைக் கழற்றுவர், வடிகட்டியைக் கழுவுவர். பகலெல்லாம் வண்டி ஓட்டிய கைகளே இரவில் ஸ்பேனர் பிடிக்கின்றன. தம்மிடம் இல்லாத கருவியை அடுத்தவரிடம் கேட்டுப் பெறுவர். அடுத்தவர் யார்? மறுநாள் காலை அதே பாதையில் போட்டியிடப்போகும் எதிராளி. எதிராளியின் வண்டி நின்றுவிட்டால் தமக்கு ஓரிடம் முன்னேற்றம் கிடைக்கும் என்று அறிந்தும் அவர் கருவியைக் கொடுக்கிறார். நேர்மையான வெற்றி என்பது எதிராளியும் ஓடிக்கொண்டிருக்கும்போது பெறும் வெற்றியே என்னும் எண்ணம் அங்கு ஓர் எழுதாச் சட்டம்.

இந்தியர்க்கு இப்பந்தயம் நெடுநாள் எட்டாத ஒன்றாக இருந்தது. 2015இல் சந்தோஷ் 36ஆம் இடம் பெற்று, டக்காரை நிறைவு செய்த முதல் இந்தியர் ஆனார். உப்புவெளி பலரின் வண்டிகளைப் பாழாக்கிய அதே ஆண்டு அது. 2024இல் கேரளத்தைச் சேர்ந்த ஹரித் நோவா ஒட்டுமொத்தத்தில் 11ஆம் இடம் பெற்றதோடு, தம் பிரிவில் முதலிடமும் பெற்றார். அவர் சார்ந்த ஷெர்கோ டி.வி.எஸ். அணியின் ஒரு வேர், தமிழ்நாட்டின் ஒசூரில் உள்ள மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் இருக்கிறது. வெற்றி மேடையில் நின்றவர் ஒருவர். ஒவ்வோர் இரவும் அவ்வண்டியை அவிழ்த்து, தேய்ந்ததை மாற்றி, விடியுமுன் பூட்டி நிறுத்தியவர்கள் மேடையில் இல்லை.

பந்தயத்தின் முடிவுப் பட்டியலில் பெயர், நாடு, வண்டி, நேரம் ஆகியவை மட்டுமே இடம்பெறும். இஸ்ரேல் உப்புவெளியில் இழந்த நேரம் ஏன் இழக்கப்பட்டது என்பதற்கு அதில் இடமில்லை. பட்டியலை மட்டும் காண்பவர் அவரை மெதுவாகச் சென்ற வீரர் என்றே கருதுவர். வகுப்பறையிலும் இல்லத்திலும் தொழிலிடத்திலும் இத்தகைய பட்டியல்கள் பல உண்டு. தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுத் தம் பாடத்தை நள்ளிரவில் படிக்கும் அக்காளின் மதிப்பெண் பட்டியலிலும் அந்த நேரம் எழுதப்படுவதில்லை. செலவில்லாத உதவி நல்லதே. அதனை எவரும் செய்வர். தமக்கு இழப்பு வரும் என்று அறிந்து செய்யும் உதவியே ஓர் அணியை அணி ஆக்குகிறது. அந்த உதவியைப் பெற்றவராவது அதனை மறவாதிருக்க வேண்டும். ஏனெனில் அதற்கு வேறு பதிவேடு கிடையாது.